ரோலண்டைச் சுற்றி ஒரு மதில்

இக்னேசியஸ் ஜேர்மனிக்குப் போனதேயில்லை. ரொறன்ரோவில் அவரைத் தெரிந்த அத்தனை பேரும் இதற்குச் சாட்சி சொல்வார்கள். மன்னாரிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து சிங்கப்பூர், சிங்கப்பூரிலிருந்து நேராகக் கனடா. அகதி விசாரணையில் சொன்னதும் இதுதான், கோயிலில் பக்கத்து வாங்கில் இருந்தவருக்குச் சொன்னதும் இதுதான், ஸ்காபரோவில் ஒரே அறையில் படுத்தெழும்பிய பெடியளுக்குச் சொன்னதும் இதுதான்.

சிக்கல் என்னவென்றால், மனுஷனுடைய கால்களுக்கு யாரும் இந்தக் கதையைச் சொல்லிவைக்கவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வாகனமும் இல்லாத றோட்டில், மூக்கு விறைக்கிற குளிரில், எதிர்ப்பக்க லைற்றில் 'நில்' என்று சிவப்புக் கை எரிகிறது என்பதற்காக ஆள் அசையாமல் நிற்பார். கூட வந்தவர்கள் அக்கரைக்குப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். "இக்னேசியஸ் அண்ணை கடவுளுக்குப் பயமோ தெரியாது, லைற்றுக்குப் பயம்" என்பார்கள். வீட்டில் வெறும் போத்தல்களைக் கழுவி, பச்சை நிறத்தை ஒரு பையிலும் வெள்ளையை இன்னொரு பையிலும் போட்டுவைப்பார். மன்னாரில் எவன் இப்படிச் செய்கிறான்?

பிரேமனில் செய்வார்கள். ஜேர்மனியின் வடக்கே, வேஸர் ஆற்றங்கரையில் இருக்கிற பழைய வியாபார நகரம் அது. எண்பத்து நான்கின் கடைசியில் மன்னாரை விட்டு ஓடிய இக்னேசியஸ், கிழக்கு பேர்லின் வழியாக ஏறி இறங்கி அங்கேதான் போய்ச் சேர்ந்தார். மனைவி பேர்ணடெற் அப்போது முழுகாமல் இருந்தாள். மகள் ஷாமிலா பிறந்த செய்தி வந்தபோது அவர் பிரேமன் துறைமுகப் பக்கத்தில், அகதிகளை வைத்திருந்த ஒரு வீட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

அருமையான ஊர். அதைச் சொல்லத்தான் வேண்டும். காற்று ஒரு பக்கமிருந்து அடித்தால் கோப்பி வறுக்கிற மணம், மற்றப் பக்கமிருந்து அடித்தால் பியர் காய்ச்சுகிற மணம். ஆற்றங்கரையில் பஞ்சும் புகையிலையும் கோப்பிக் கொட்டையும் இறக்கி இறக்கிப் பணக்காரரானவர்கள் அந்த ஊர் வியாபாரிகள். கடல் அங்கிருந்து நல்ல தூரம். ஆற்றில் மணல் சேர்ந்து கப்பல்கள் மேலே வரமுடியாமல் போனபோது, வேறு ஊராயிருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும். இவர்கள் ஆற்றின் வாய்க்கே போய், அங்கே நிலம் வாங்கி, புதிதாக ஒரு துறைமுகம் கட்டிவிட்டார்கள். அதன் வழியாகச் சரக்கு உள்ளே வந்தது, இலட்சக்கணக்கான மனிதர்கள் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே போனார்கள். ஊரின் சின்னம் ஒரு சாவி. புனித பேதுருவின் சாவி அது என்று தெரிந்தபோது கத்தோலிக்கரான இக்னேசியசுக்கு ஒரே சந்தோஷம். நம்முடைய ஆளின் ஊர்தானே என்று நினைத்தார்.

ஆனால் அந்தச் சாவி அவருக்கு எதையும் திறக்கவில்லை. அகதி விண்ணப்பம் முடியும்வரை வேலை செய்யக்கூடாது. நகர எல்லையைத் தாண்டக்கூடாது. பக்கத்து ஊர் டெல்மன்ஹோர்ஸ்ட், ரயிலில் ஏறி ஒரு சிகரெட் பற்றவைத்து முடிப்பதற்குள் வந்துவிடும். அங்கே அவருடைய சொந்த மச்சானுக்குக் கலியாணம் நடந்தது, இவரால் போகமுடியவில்லை. எல்லைப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்து மாடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

வேலையில்லாத மனிதன் என்ன செய்வான்? நடந்தார். தேவாலயத்து அம்மா ஒருத்தி அகதிகளுக்குப் பாஷை படிப்பிக்கிறேன் என்று வந்து, வகுப்பறை கிடைக்காததால் அவர்களைத் தெருத்தெருவாகக் கூட்டிக்கொண்டு போனாள். அப்படித்தான் ரோலண்ட் அறிமுகமானான்.

ரோலண்ட் ஒரு கல்மனிதன். நகரமண்டபத்துக்கு முன்னால், சந்தைச் சதுக்கத்தில், கையில் வாளோடு, மூன்று ஆள் உயரத்தில் அறுநூறு வருடமாக நிற்கிறான். முகம் நேரே பேராலயத்தைப் பார்த்தபடி இருக்கும். ஆயரே, இந்த ஊர் உமக்கு அல்ல, வியாபாரிகளான எங்களுக்குத்தான் என்று சொல்வதற்காக அவனை அப்படி நிறுத்தினார்களாம். அவனுடைய முழங்காலிலிருந்து மற்ற முழங்கால்வரை சரியாக ஒரு பிரேமன் முழம். துணி வியாபாரி ஏமாற்றுகிறான் என்று சந்தேகம் வந்தால் துணியைக் கொண்டுவந்து ரோலண்டின் காலில் வைத்துப் பார்க்கலாம் என்று சொல்வார்கள். ரோலண்ட் நிற்கும்வரை ஊருக்குச் சுதந்திரம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அதனால் உலகப்போர் நடந்தபோது குண்டு விழுந்துவிடும் என்று பயந்து அவனைச் சுற்றி மதில் கட்டி மூடிவைத்தார்கள். துறைமுகப் பக்கம் முழுக்க எரிந்து சாம்பலானது. மதிலுக்குள் நின்ற ரோலண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவனுடைய பாதங்களுக்கிடையில் ஒரு சின்ன மனித உருவம் இருக்கிறது. அதற்கும் ஒரு கதை. மாடு மேய்க்க இடமில்லை என்று ஊரவர்கள் ஒரு சீமாட்டியிடம் கேட்டார்கள். ஒரு ஆள் ஒரு நாளில் சுற்றிவரக்கூடிய நிலத்தைத் தருகிறேன் என்றாள் அவள். அவளுடைய உறவினன் ஒருவன், பொல்லாத கஞ்சன், ஆளை நான் தெரிவுசெய்கிறேன் என்று சொல்லிக் கால் வழங்காத ஒருவனைத் தெரிவுசெய்தான். அந்த மனிதன் கையால் தவழத் தொடங்கினான். பொழுதுபடும்வரை தவழ்ந்தான், ஊரே வாயைப் பிளந்தது, அவ்வளவு நிலம். இந்தக் கதையைக் கேட்ட அன்று அகதி வீட்டில் இருந்த எல்லாரும் கண்ணீர் வரச் சிரித்தார்கள். "அந்தாள் இன்னும் கொஞ்சம் தவண்டிருந்தால் டெல்மன்ஹோர்ஸ்டும் எங்களுக்குக் கிடைச்சிருக்கும்" என்று சொன்னது இக்னேசியஸ்தான்.

எண்பத்தெட்டில் அவருடைய விண்ணப்பத்தைக் கடைசித் தடவையாகவும் நிராகரித்தார்கள். அனுப்பிவைக்கப் போகிறார்கள் என்ற பயத்தில் ஒரு ஏஜென்ற்றைப் பிடித்துக் கனடாவுக்கு வந்தார். "ஜேர்மனி எண்ட சொல்லையே மறந்திடு" என்றான் ஏஜென்ற். "அங்க தள்ளின கேஸை இஞ்ச எடுக்கமாட்டாங்கள்." அது சரியோ பிழையோ இக்னேசியசுக்குத் தெரியாது. அதற்கு இரண்டு வருடம் முன்னர் ஜேர்மனியிலிருந்து கப்பலில் வந்தவர்கள் அதை மறைத்ததும், பிறகு அகப்பட்டுப் பேப்பரெல்லாம் நாறியதும் மட்டும் தெரியும். அவர்களை விட்டுவிட்டார்கள் என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை, அகப்பட்டார்கள் என்பதுதான் ஞாபகம். விசாரணையில் சிங்கப்பூர் என்று சொன்னார். வாயை விட்டுப் போன சொல் அதன்பிறகு திரும்பி வரவில்லை.

தொண்ணூற்று மூன்றில் அவருக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்தது. உடனே பேர்ணடெற்றையும் ஷாமிலாவையும் கனடாவுக்கு எடுக்க எழுதிப்போட்டார். மகளை அவர் இன்னும் கண்ணால் காணவில்லை. மடுவில் அகதி முகாமில் வளர்ந்த பிள்ளை, இப்போது தாயோடு கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தது. தொண்ணூற்று நான்கு ஆவணியில் கனடாத் தூதரகத்தில் அவர்களுக்கு நேர்முகம். அந்த நேர்முகம் முடிந்து, விசா குத்தி, இரண்டு பேரும் பியர்சன் விமான நிலையத்தில் வந்து இறங்கும்வரை தன் நாவில் ஒரு ஜேர்மன் எழுத்துக்கூட இருக்கக்கூடாது என்று இக்னேசியஸ் வைராக்கியமாக இருந்தார்.

அந்த வருடம் பார்த்துத்தான் லூர்ஸ் அம்மா வந்து சேர்ந்தாள்.

ஷெப்பர்ட் வீதிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இக்னேசியசுக்குத் துப்புரவு வேலை. லூர்ஸ் அம்மாவை இரண்டாம் மாடியில், ஜன்னலோரத்து அறையில் கொண்டுவந்து விட்டார்கள். ஐம்பதுகளில் கணவனோடு ஜேர்மனியிலிருந்து கனடாவுக்கு வந்தவள். பக்கவாதம் அவளுடைய ஆங்கிலம் முழுவதையும் துடைத்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருந்தது சிறுவயதுப் பாஷை மட்டும், அதுவும் வாய் கோணிக் குழறித்தான் வந்தது. அவளுடைய மகன் வால்டர் யூனியன்வில்லில் பல் வைத்தியர். போர் முடிந்த காலத்தில் ஜேர்மன்காரப் பிள்ளையென்று பள்ளிக்கூடத்தில் அடிப்பார்களே என்று பயந்து தாயும் தகப்பனும் அவனோடு ஆங்கிலத்திலேயே பேசி வளர்த்தார்கள். இப்போது தாய் பேசுவது மகனுக்கு விளங்கவில்லை.

முதல் நாள் நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்த இக்னேசியஸ் அவள் சொன்னதைக் கேட்டு, துடைப்பத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "ரோலண்ட் நிற்கிறானா? மதிலை எடுத்துவிட்டார்களா?" என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். துறைமுகப் பக்கத்துப் பேச்சு. அகதி வீட்டுக்கு எதிரே பேப்பர் விற்ற கிழவன் பேசிய அதே பேச்சு. இக்னேசியஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

லூர்ஸ் அம்மா நாள் முழுக்க அதையேதான் கேட்டாள். யாரும் பதில் சொல்லாவிட்டால் தானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழும்புவாள், விழுவாள். இரண்டு தடவை விழுந்தபிறகு கதிரையோடு சேர்த்து இடுப்பில் பட்டி போட்டார்கள். அந்தக் காலத்தில் அது வழக்கம்தான். பட்டியை இழுத்து இழுத்து அவள் கை கன்றிப்போனது. சாப்பாட்டைத் துப்பினாள்.

வால்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜேர்மன் தேவாலயத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். கனடாவில் பிறந்த பெண், ஞாயிற்றுப் பள்ளியில் படித்த ஜேர்மன். குழறிய பேச்சில் அவளுக்குப் பிடிபட்டது கொஞ்சம்தான். "ரோலண்ட் என்று யாரோ மதிலுக்குள் இருக்கிறாராம். இன்னும் வெளியே விடவில்லையா என்று கேட்கிறார்" என்று சங்கடத்தோடு சொன்னாள்.

"என் அப்பாவின் பெயர் வில்ஹெல்ம்" என்றார் வால்டர்.

அறைக்கு வெளியே ஓடையில் நிலம் துடைத்துக்கொண்டிருந்த இக்னேசியசுக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தது. வால்டருடைய முகம் போன போக்கைப் பார்த்தார். சிறைக்குப் போன ஒரு பழைய காதலன், அவனை மறக்காமலே வேறொருவனோடு வாழ்ந்து முடித்த தாய். இவ்வளவையும் அந்த மனிதன் நின்ற நிலையிலேயே கட்டிமுடித்துவிட்டார். அதன்பிறகு அவர் வருவது குறைந்தது. ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை வந்தார், பிறகு மாதத்தில் ஒரு தடவை, பிறகு பூ மட்டும் வந்தது.

சமையலறையில் ஜெயமலருக்கு இது நல்ல தீனி. கொக்குவில்காரி, பராமரிப்பு உதவியாளராக வேலை செய்கிறவள், தங்கமான மனம், நில்லாத வாய். "வெள்ளைக்காரரெல்லோ அண்ணை. எண்பது வயசிலயும் லவ்வரைத் தேடுதுகள்" என்றாள். இக்னேசியஸ் தலையைக் குனிந்துகொண்டு தேநீர் குடித்தார். அது கல்லடி, வெறும் கல் என்று கத்தவேண்டும் போல இருந்தது. ஒரு வாய் திறந்தால் ஒரு குடும்பம் சேரும். தன்னுடைய குடும்பம்? அதை யார் சேர்ப்பார்?

பேர்ணடெற் கொழும்பிலிருந்து தொலைபேசியில் வந்தாள். "பிள்ளைக்கு எல்லாம் சொல்லிக் குடுத்திட்டன். நீங்கள் அனுப்பின பொம்மையை 'ஜேர்மன் பேபி' எண்டு கூப்பிட்டுக்கொண்டு திரிஞ்சவள், இப்ப அது 'சிங்கப்பூர் பேபி'. நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் சரியாச் சொல்லுவாள். இந்தாங்கோ, கேளுங்கோ."

ஷாமிலாவின் குரல் வந்தது. அப்பா என்றுகூடக் கூப்பிடவில்லை, ஒரே மூச்சில் ஒப்புவித்தது: "மை ஃபாதர் நெவர் வென்ற் ரு ஜேர்மனி."

வெள்ளைக்கார அதிகாரி பிள்ளையிடம் நேரே கேட்டால் என்ன செய்வது என்று பேர்ணடெற் யாரிடமோ ஆங்கிலத்தில் எழுதுவித்துப் பாடமாக்கியிருந்தாள். கேளாத கேள்விக்கு இப்படி ஒரு பதிலைச் சொன்னால்தான் சந்தேகமே வரும் என்பது மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சரியாகச் சொன்னதற்குத் தாய் ரொஃபி கொடுத்ததும் பிள்ளை கடதாசியை உரித்ததும் தொலைபேசியில் கேட்டது. இக்னேசியஸ் வாய்விட்டுச் சிரித்தார். அன்று அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனி மாதத்தில் ஒருநாள் லூர்ஸ் அம்மா அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாத அழுகை. பட்டிக்கு மேலே கையை மடித்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்திருந்தாள். இக்னேசியஸ் வழுக்கும் என்று எழுதிய மஞ்சள் பலகையை வெளியே வைத்தார். கதவைச் சாத்தினார். அவளுடைய காதுக்குக் குனிந்து இரண்டே சொல் சொன்னார். "எர் ஷ்டேட்." நிற்கிறான்.

லூர்ஸ் அம்மா திரும்பிப் பார்த்தாள். கறுத்த முகமும் நீலச் சட்டையும் துடைப்பமும். கிழவி லேசுப்பட்டவள் அல்ல, வியாபார ஊர்க்காரி, பொருளைச் சோதிக்காமல் வாங்கமாட்டாள்.

"எந்தப் பக்கம் பார்க்கிறான்?"

"பேராலயத்தை."

"முழங்காலுக்கு முழங்கால்?"

"ஒரு முழம். பிரேமன் முழம்."

"மதில்?"

"எடுத்துவிட்டார்கள். நான் பார்த்தேன். வெயிலில் நிற்கிறான்."

அவள் பெருமூச்சு விட்டாள். மத்தியானம் தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டாள் என்று ஜெயமலர் ஆச்சரியப்பட்டாள்.

அடுத்த நாள் காலை எல்லாம் மறந்துபோயிருந்தது. இரவோடிரவாக யாரோ மதிலைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். இக்னேசியஸ் மஞ்சள் பலகையை வைத்து, கதவைச் சாத்தி, திரும்பவும் உடைத்தார். அதன்பிறகு அது அவருடைய அன்றாட வேலையாகிவிட்டது. பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் அவருக்குக் கிடைத்த சுகம் வேறெங்கும் கிடைக்கவில்லை. மறைத்து வைத்த வருடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அவள் முன்னால் வைத்தார். ஆற்றின் வற்று, பெருக்கு. ஐப்பசிக் கொண்டாட்டத்தில் விற்கும் வறுத்த பாதாம். தவழ்ந்த மனிதன். அவள் சிரித்தாள், திருத்தினாள், சண்டை பிடித்தாள்.

"நீ எங்கே இருந்தாய்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"குரோப்பலிங்கனில். துறைமுகத்துக்குப் பின்னால்."

"எங்கள் பக்கம். என் அப்பா அங்கேதான் கோப்பி மூட்டை இறக்கினார்." அவள் அவருடைய கையில் தட்டினாள். "அப்படியென்றால் நீ பிரேமன்காரன்."

அந்த நகரத்து அலுவலகங்கள் தங்களுடைய தடித்த முத்திரைகளால் திரும்பத் திரும்ப இல்லை என்று சொன்ன விஷயம். இங்கே ஸ்காபரோவில், பட்டியால் கட்டிவைத்த ஒரு கிழவி ஆம் என்றாள். இக்னேசியஸ் துடைப்பத்தின் தடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். மறுநாள் அவளுக்கு அதுவும் ஞாபகம் இல்லை. அதனால்தான் அவளிடம் மட்டும் சொல்லமுடிந்தது.

ஆவணி பிறந்தது. நேர்முகத்துக்கு இன்னும் சில நாட்களே இருந்தபோது ஜெயமலர் கதவைத் தட்டாமல் திறந்தாள். கையில் மருந்துத் தட்டு. "ஐயோ அண்ணை! உங்களுக்கு ஜேர்மன் தெரியுமே?"

"சத்தம் போடாதை பிள்ளை. ஒருத்தருக்கும் சொல்லாதை. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"ஏனண்ணை, எவ்வளவு நல்ல விஷயம்!" என்றாள் அவள். அவளுடைய நல்ல மனம் அன்றைக்குப் பார்த்து நிறைந்து வழிந்தது. சாயங்காலத்துக்குள் மேற்பார்வையாளரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் வால்டரைக் கூப்பிட்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்குச் சொல்லி, படமும் போடலாம் என்று பேச்சு.

அலுவலக அறையில் இக்னேசியசை உட்காரவைத்தார்கள். வால்டர் எழும்பி வந்து கையைக் கொடுத்தார். "என் அம்மாவோடு பேசுகிறீர்களாம். தயவுசெய்து சொல்லுங்கள், ரோலண்ட் யார்?"

இக்னேசியஸ் அவருடைய கண்ணைப் பார்த்தார். பத்திரிகையில் தன் படத்தைப் பார்த்தார். அதைக் கையில் வைத்திருக்கும் ஒரு அதிகாரியைப் பார்த்தார். கொழும்பு லொட்ஜில் தலைவாரிப் பவுடர் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையைப் பார்த்தார்.

"எனக்கு ஜேர்மன் தெரியாது" என்றார். "அவ சத்தம் போடுவா. நானும் அவவைப் போலச் சும்மா சத்தம் போடுவன். அவவுக்கு அது சந்தோஷம்."

ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவைக்கூட மூன்று தடவை கேட்டார்கள். இக்னேசியசை ஒரு தடவைதான் கேட்டார்கள்.

வால்டர் கையை எடுத்துக்கொண்டார். மேற்பார்வையாளரம்மாவின் முகம் மாறியது. பாஷை தெரியாத ஆண் ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நோயாளிக் கிழவியின் அறையில் என்ன செய்தான்? கேட்கவில்லை, ஆனால் அறை முழுக்க அந்தக் கேள்வி நின்றது. அன்றிலிருந்து அவருக்குக் கீழ்த்தளத்தில் வேலை. இரண்டாம் மாடிக்கு ஏறக்கூடாது. திரும்பவும் ஒரு எல்லை, இந்த முறை அவரே தவழ்ந்து போட்டது. படிக்கட்டுப் பக்கம் துடைக்கும்போது மேலேயிருந்து அவள் கூப்பிடுவது கேட்கும். வாளித் தண்ணீரை வேகமாகக் கலக்கிச் சத்தம் போடுவார்.

நேர்முகத்தில் ஜேர்மனியைப் பற்றி யாரும் கேட்கவேயில்லை. விசா கிடைத்தது.

மார்கழித் தொடக்கத்தில் பேர்ணடெற்றும் ஷாமிலாவும் வந்து இறங்கினார்கள். ஒன்பது வயது மகளை முதன்முதலாகக் கட்டிப்பிடித்தபோது இக்னேசியசுக்கு உலகத்தில் வேறெதுவும் ஞாபகம் இருக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் மூச்சு விட்டார். இனிப் பயமில்லை, இனிச் சொல்லலாம் என்று மனைவியிடம் மெல்லப் பேச்செடுத்தார். பேர்ணடெற் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, விசர்க்கதை கதையாதேங்கோ. சிற்றிசன் எடுக்கோணும். பிறகு அம்மாவை எடுக்கோணும், தம்பியை எடுக்கோணும். அதுமட்டும் வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ."

அதுமட்டும் என்றால் எதுவரை?

கிறிஸ்மசுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, அப்பா வேலை செய்யிற இடத்தைக் காட்டிறன் என்று மகளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். அன்று அவருக்கு வேலை இல்லை, வருகையாளர் மாதிரித்தான் போனார். வாசலில் இருந்த பெண் மகளின் கன்னத்தைத் தட்டி மேலே விட்டாள். இரண்டாம் மாடி, ஜன்னலோர அறை. லூர்ஸ் அம்மா பாதியாகியிருந்தாள். பக்கத்தில், மேல்கோட்டைக் கழற்றாமல், வால்டர் உட்கார்ந்திருந்தார். பண்டிகைக்காகக் கடமைக்கு வந்த முகம்.

இக்னேசியஸ் வீட்டிலிருந்து பஸ்ஸில் மனத்துக்குள் சொல்லிச் சொல்லி வந்ததைச் சொன்னார். "சேர், ரோலண்ட் ஆள் இல்லை. கல். பெரிய கல்லுச் சிலை. உங்கட அம்மாவின்ர ஊரில சந்தைக்கு நடுவில நிக்குது. யுத்தத்தில உடையாமல் இருக்க மதில் கட்டினவை. அதைத்தான் கேக்கிறா." தெரிந்த ஆங்கிலத்தில், தட்டுத்தடுமாறி.

வால்டர் தாயைப் பார்த்தார். "சிலையா?" என்றார். "ஒரு சிலை!" சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது, கடைசியில் அது அழுகையாகிவிட்டது. தாயின் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். இவ்வளவு நாள் அநியாயமாகக் கோபித்திருந்ததை அவரால் தாங்கமுடியவில்லை.

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்? பிரேமனில் இருந்தீர்களா? ஜேர்மனியில்?"

இக்னேசியஸ் வாயைத் திறந்தார்.

"மை ஃபாதர் நெவர் வென்ற் ரு ஜேர்மனி."

ஷாமிலா கட்டிலின் கால்மாட்டில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தாள். பேச்சு முழுவதிலும் அவளுக்கு விளங்கியது ஒரே ஒரு சொல்தான். அதற்குரிய பதிலை அவள் ஆறு மாதமாகத் தயாராக வைத்திருந்தாள், கொழும்பில் யாரும் கேட்கவில்லை, இப்போதுதான் ஒரு வெள்ளைக்காரர் கேட்டார். சொல்லி முடித்துவிட்டு, ரொஃபி கிடைக்கும் என்பதுபோலத் தகப்பனின் முகத்தைப் பார்த்தாள்.

இக்னேசியஸ் "கெட்டிக்காரி" என்று சொல்லித் தலையைத் தடவினார். வேறு என்ன சொல்ல?

வால்டர் பிள்ளையைப் பார்த்தார், தகப்பனைப் பார்த்தார். மனுஷனுக்கு என்ன விளங்கியதோ, எவ்வளவு விளங்கியதோ. எழும்பிப் போய் ஓடைப் பக்கம் பார்த்துவிட்டுக் கதவைத் தானே சாத்தினார்.

லூர்ஸ் அம்மா கேட்டாள். குரலே இல்லை, உதடு மட்டும் அசைந்தது. நிற்கிறானா?

இக்னேசியஸ் மகளைப் பக்கத்தில் இழுத்து, அவளுடைய ஒரு காதைத் தன் கோட்டோடு அணைத்து, மற்றக் காதைக் கையால் பொத்தினார். அப்படியே குனிந்து, "எர் ஷ்டேட்" என்றார். கிழவி கண்ணை மூடிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், இறங்கவேண்டிய இடம் வந்தபோது ஷாமிலா எட்டித் தகப்பனின் காதுக்குள் சொன்னாள். "நீங்கள் அந்தப் பாஷை கதைச்சது எனக்குக் கேட்டது. நான் அம்மாட்டச் சொல்லமாட்டன்."

அவர் தலையை ஆட்டினார். இப்போது பிள்ளையிடம் இரண்டு இரகசியம் இருக்கிறது, ஒன்று தாய்க்காக, ஒன்று தகப்பனுக்காக. ஊருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

சந்தியில் சிவப்புக் கை எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை, பனி கொட்டிய றோட்டு, இரண்டு பக்கமும் வெறிச்சோடிக் கிடந்தது. இக்னேசியசின் கால்கள் தம்பாட்டில் நின்றுவிட்டன. ஷாமிலா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள்.

"அப்பா, வாகனம் ஒண்டும் வரேல்லை. ஏன் நிக்கிறம்?"

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் எங்கே பழகினேன் என்று சொல்லவேண்டும். இக்னேசியஸ் மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, சிவப்பு எரிய எரிய றோட்டைக் கடந்தார்.